கம்பளி விற்ற நாடும் தேயிலை விற்ற நாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பிரித்தானிய முடியின் கீழிருந்த இரு தீவு நாடுகள் இலண்டன் சந்தையை நோக்கித் தத்தம் விளைபொருள்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. ஒன்று நியூசிலாந்து. அது கம்பளியையும், 1882ஆம் ஆண்டு தொடக்கம் குளிரூட்டிய கப்பல்களிலே இறைச்சியையும் வெண்ணெயையும் அனுப்பிற்று. மற்றையது இலங்கை. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தொழிய, அதனிடத்தைப் பெற்ற தேயிலையை அது அனுப்பிற்று. இரண்டிலும் பெருங் கைத்தொழில் இருந்ததில்லை. இரண்டும் மண்ணில் விளைந்ததை விற்றுத் துணியும் இரும்பும் இயந்திரமும் வாங்கின. இரண்டிற்கும் வாங்குபவன் ஒருவனே. விலை பேசப்பட்ட நகரமும் ஒன்றே. எனினும் 2023ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் தலைக்குரிய வருமானம் நாற்பத்தையாயிரம் டொலரையும் கடந்து நின்றது. இலங்கையினதோ நாலாயிரத்தையும் எட்டவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையில் ஆராயப்புகும் பொருளாகும்.

இவ்வினாவை வகுப்பறையில் எழுப்பினால் விடைகள் விரைந்து வரும். இயற்கை வளம் என்பர் சிலர். தட்பவெப்பம் என்பர் சிலர். மக்களின் உழைப்பார்வம் என்பர் வேறு சிலர். செம்பும் கோபாற்றும் நிறைந்த கொங்கோ நாடு உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாயிருக்க, கனிவளம் மிகக் குறைந்த யப்பானும் சுவிற்சலாந்தும் செல்வத்திற் சிறந்தமை முதல் விடையை மறுக்கும். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள சிங்கப்பூர் இரண்டாவதை மறுக்கும். மூன்றாவது விடையைப் பற்றி, விடியற்பொழுதில் அட்டை கடிக்கும் மலைச்சரிவிலே கூடையுடன் நிற்கும் பெண்ணொருத்தியைக் கண்டவர் எவரும் வாய்திறவார்.

காரணத்தை நாடுமுன் கணக்கைப் பற்றி ஒரு சொல். டொலரிலே கூறப்படும் தலைக்குரிய வருமானம் ஓரளவிற்கு நம்மை ஏமாற்றும் தன்மையது. வறிய நாட்டிலே பல பண்டங்களும் சேவைகளும் மலிவு. ஆதலின் நாணயமாற்று வீதப்படி கணித்த வருமானம் உண்மை வாழ்க்கைத் தரத்தைக் குறைத்துக் காட்டும். வாங்குதிறனை ஒட்டித் திருத்திக் கணித்தால் மேற்கூறிய இரு நாடுகளுக்குமிடையே பன்னிரு மடங்காகத் தோன்றிய வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்காகச் சுருங்கும். சுருங்குமேயன்றி மறையாது.

ஏன் வறிய நாட்டில் சேவைகள் மலிவு? முடிதிருத்தும் தொழிலாளர் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் யாழ்ப்பாணத்திலும் மற்றவர் வெலிங்டன் நகரிலும் தொழில் செய்கின்றார். இருவர் கையிலும் கத்தரிக்கோலும் சீப்பும். இருவரும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரே தொகையினருக்கு முடி திருத்துவர். நம்மவர் கைத்திறனிற் குறைந்தவரல்லர். ஆயினும் வெலிங்டனில் உள்ளவர் பன்மடங்கு கூலி பெறுகின்றார். காரணம் அவருடைய தொழிலில் இல்லை. அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் புறப்பட்டால், அந்நாட்டில் வேறு எத்தொழிலிலும் அத்தகைய கூலியைப் பெறக்கூடும்; ஆகவே அதனிற் குறைந்த கூலிக்கு அவரை எவரும் அத்தொழிலில் நிறுத்திவைத்தல் இயலாது. ஒருவனுடைய கூலியை நிருணயிப்பது அவன் செய்யும் வேலை மாத்திரமன்று. அவ்வேலையை விட்டால் அவனுக்குக் கிடைக்கக்கூடிய மறுவழியுமாகும். உலக மக்களிடையே காணப்படும் வருமான வேறுபாட்டிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி, ஒருவர் எந்நாட்டில் வாழ்கின்றார் என்ற ஒன்றினாலேயே விளக்கப்பெறும் எனப் பிராங்கோ மிலானோவிச் என்னும் பொருளியலறிஞர் கணித்துக் காட்டியதும் இதனையே வலியுறுத்துகின்றது. இந்த முடிதிருத்துவோரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அவரிடம் மீள்வோம்.

நாடுகளின் ஏற்றத்தாழ்விற்கு அவற்றிடையே நிகழும் வாணிபமே ஒரு காரணமாகலாம் என்ற கருத்தை உலக அரங்கில் ஏற்றியவர் ஆர்ஜென்டீனா நாட்டவரான ராவுல் பிரெபிஷ். 1901இற் பிறந்த இவர் 1935 முதல் 1943 வரை அந்நாட்டு மத்திய வங்கியை நடத்தியவர். 1930ஆம் ஆண்டுகளின் பெருமந்தத்திலே கோதுமையும் இறைச்சியும் விலை வீழ்ந்தபோது, இறக்குமதி செய்யும் இயந்திரங்களின் விலை அவ்வளவிற்கு வீழாததை அவர் கண்ணாரக் கண்டார். நாடுகள் தத்தமக்கு இயல்பாக வாய்த்த பொருளை விளைத்து மாற்றிக்கொண்டால் யாவரும் பயனடைவர் என்று இலண்டன் நூல்களிற் கற்ற பாடம் அவருக்கு ஐயத்தைத் தந்தது. 1949இல் ஹவானா நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் சபையின் இலத்தீன் அமெரிக்க ஆணைக்குழுவின் முன் அவ்வையத்தை ஓர் அறிக்கையாக வைத்தார். அதே காலத்தில் ஹான்ஸ் சிங்கர் என்பாரும் தனித்து ஆராய்ந்து அதே முடிபிற்கு வந்தார்.

அவ்விருவரும் கண்டது யாது? பிரித்தானிய வாணிபக் கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 1876 தொடக்கம் 1880 வரையுள்ள காலத்தில் ஒரு குறித்த அளவு மூலப்பொருள் 100 அலகு கைத்தொழிற் பொருளை வாங்கிற்று எனின், 1936 தொடக்கம் 1938 வரையுள்ள காலத்தில் அதே அளவு மூலப்பொருள் ஏறத்தாழ 64 அலகையே வாங்கிற்று. ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்குமுள்ள இவ்விகிதத்தைப் பொருளியலார் வர்த்தக மாற்று வீதம் என்பர். இவ்வீதம் வீழுமாயின், நாடு முன்னிலும் மிகுதியாக உழைத்து, முன்னிலும் மிகுதியாக விளைத்து, முன்போன்றே அல்லது முன்னிலும் குறைவாகப் பெறும்.

இதற்கு அவர்கள் கூறிய காரணங்கள் இரண்டு. வருமானம் பெருகப் பெருக மனிதன் உணவிற்குச் செலவிடும் பங்கு சுருங்கும் என்பதை எங்கெல் என்னும் செர்மானியப் புள்ளிவிபர அறிஞர் 1857இலேயே நிறுவினார். ஒருவனது வருமானம் இரட்டித்தால் அவன் வானொலிப்பெட்டியும் மோட்டார் வண்டியும் வாங்குவான். தேநீரை இரட்டிப்பாகக் குடியான். இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. இயந்திரத் தொழிலிலே புதுமுறைகள் தோன்றி உற்பத்தி பெருகியபோது, அங்குள்ள தொழிற்சங்கங்களும் பெருநிறுவனங்களும் அப்பயனைக் கூலியாகவும் இலாபமாகவும் தம்மிடமே நிறுத்திக்கொண்டன; பொருளின் விலை வீழவில்லை. தோட்டத்திலே விளைச்சல் பெருகியபோதோ கூலி உயரவில்லை, விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தமையின் பயன் கடல்கடந்து வாங்குபவனைச் சென்றடைந்தது.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1953ஆம் ஆண்டு வரை இலங்கையில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர்தல் நன்று. அக்காலத்திலே நம் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழப் பத்திலொன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்துமே கிடைத்தது. 1950ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கொரியப் போர் மூண்டது. போருக்கு வேண்டிய பண்டங்களை வல்லரசுகள் குவிக்கத் தொடங்கவே இறப்பரின் விலை விண்ணை எட்டிற்று, திறைசேரி நிறைந்தது. ஆனால் அவ்வேற்றம் நிலைக்கவில்லை. 1952இல் இறப்பர் விலை சரிந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு நேர, இறக்குமதி அரிசியின் விலை உயர்ந்தது. விற்கும் பொருள் மலிந்து வாங்கும் பொருள் அருந்தலான நெருக்கடியிலே, அவ்வாண்டு திசெம்பரில் இலங்கை அரசு சீனாவுடன் உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவதென ஐந்தாண்டுக்கு முடிவாயிற்று. பொதுவுடைமை நாடொன்றுடன் செய்த இவ்வொப்பந்தத்தை அமெரிக்கா விரும்பவில்லை. அமெரிக்க உதவியும் தடைப்பட்டது. ஆயினும் பசித்த வயிற்றிற்கு அரசியற் கொள்கை விளங்காதன்றோ!

ஒப்பந்தம் அரிசியைத் தந்தது. இழந்த செலாவணியைத் தரவில்லை. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கூப்பன் அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகத்து 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, உயிர்களும் மாண்டன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே மந்திரிசபை கூடவேண்டிய நிலை உண்டாயிற்று. ஒற்றோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். கொரியாவிற் பீரங்கி ஒலித்ததற்கும் நம்மூர்ச் சங்கக்கடையில் ஒரு குடும்பத்தலைவி கொத்தரிசிக்குக் காசு எண்ணியதற்கும் இடையிலே தொடர்பாய் நின்றது இறப்பரின் விலையே.

பிரெபிஷின் கருத்திற்கு மறுப்பும் எழாமலில்லை. கப்பற் கூலி குறைந்ததனைக் கணக்கு முற்றாகக் காட்டவில்லை என்றும், இயந்திரங்களின் தரம் உயர்ந்ததனை அது அளக்கவில்லை என்றும் சிலர் கூறினர். பிற்கால ஆய்வுகள், நெடுங்காலச் சரிவு உண்டெனினும் அது ஆண்டுக்கு ஒரு வீதத்திலும் குறைந்ததே என்றும், நாட்டை அலைக்கழிப்பது சரிவினும் மிகுதியாக விலையின் ஏற்ற இறக்கமே என்றும் கண்டன. இம்மறுப்புகளை ஏற்றுக்கொள்ளலாம், 1953இன் கதையும் பெரும்பாலும் ஏற்ற இறக்கத்தின் கதையே. ஆனால் இவையனைத்தினும் வலிய மறுப்பொன்று உண்டு. வேளாண்மையும் வறுமையும் ஒன்றல்ல என்று 1950இல் பிரேசில் நாட்டுக்குச் சென்று விரிவுரையாற்றினார் யேக்கப் வைனர் என்னும் பேராசிரியர். டென்மார்க்கு வெண்ணெய் விற்றது. அவுஸ்திரேலியா கம்பளி விற்றது. நியூசிலாந்து இரண்டையும் விற்றது. அவை வறுமையுறவில்லையே! மூலப்பொருளை விற்பதே வறுமைக்குக் காரணமாயின், கம்பளி விற்றவனும் தேயிலை விற்றவனும் ஒருங்கே வறியராயிருத்தல் வேண்டும். ஈண்டுப் பிரெபிஷின் விளக்கம் நின்றுவிடுகின்றது.

இம்முடிச்சை அவிழ்த்தவர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சென் லூசியாவில் 1915இற் பிறந்த ஆதர் லூயிஸ். 1954இல் அவர் வெளியிட்ட கட்டுரை பொருளியல் மாணவர் எங்கும் கற்பது. 1979இல் அவருக்கு நோபற் பரிசும் கிடைத்தது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, பின்னர் அவர் விரித்துரைத்த ஒரு வரலாற்று விளக்கம். நம்மவருள் இது போதிய அளவு பயிலப்படவில்லை என்பது என் கருத்து. பயிலப்படின், நம் மலைநாட்டு வரலாற்றையே நாம் வேறுவிதமாக நோக்குவோம்.

லூயிசின் கூற்று இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் முதலாம் உலகப்போர் வரையில் இரு பெருங் குடிப்பெயர்வுகள் உலகில் நிகழ்ந்தன. ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் அமெரிக்கா, கனடா, ஆர்ஜென்டீனா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மிதவெப்ப நாடுகளுக்குச் சென்றனர். இந்தியாவிலும் சீனாவிலுமிருந்து ஏறத்தாழ அதே தொகையினர் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் பாதை வேலைகளுக்குமாக வெப்ப நாடுகளுக்குச் சென்றனர். முதற்கூட்டத்தார் எத்தகைய வாழ்க்கையை விட்டு வந்தனர்? 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே ஏக்கருக்கு 1,600 இறாத்தல் கோதுமை விளைந்தது. வெப்ப நாடுகளில் விளைந்த தானியம் 700 இறாத்தலே என்று லூயிஸ் கணக்கிடுகின்றார். இங்கிலாந்தின் உழவனுக்கும் தொழிலாளிக்கும் தன் நாட்டிலேயே ஓரளவு உண்டு வாழ வழி இருந்தது. அதனிலும் மிகுந்த கூலி தந்தாலன்றி அவன் கடல்கடந்து ஆடு மேய்க்கச் செல்லான். ஆகவே கம்பளியின் விலை அக்கூலியைத் தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். இன்றேற் கம்பளியே சந்தைக்கு வாராது. இரண்டாவது கூட்டத்தார் விட்டுவந்த நிலத்தில் விளைவு குறைவு. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அவர்கள் மிகச் சிறிய கூலிக்கும் வந்தனர். ஆகவே தேயிலையும் இறப்பரும் சீனியும் அச்சிறு கூலியைத் தாங்கும் விலைக்கே சந்தையில் நிறைந்தன.

நாம் முன்னர்க் கண்ட முடிதிருத்துவோர் இங்கு மீண்டும் வருகின்றனர். கம்பளிக்கும் தேயிலைக்கும் விலை வேறுபாடு தோன்றியது அப்பொருள்களின் இயல்பினால் அன்று. அவற்றை விளைத்தவனுக்கு இருந்த மறுவழியினால். பொருளை எத்துணைத் திறமையாக விளைத்தாலும், விளைப்பவனுக்கு வேறு போக்கிடம் இல்லையாயின், அத்திறமையின் பயன் அவனிடம் தங்காது.

இவ்விளக்கத்திற்குச் சான்றாக ஒரே பயிர் இருவகைக் கூலியில் விளைந்த இடம் ஒன்றைக் காட்டலாம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியிலே 1863 முதற்கொண்டு நாற்பதாண்டுகளாகப் பசிபிக் தீவுவாசிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவருட் பலர் ஏமாற்றியும் கடத்தியும் கொணரப்பட்டவர். 1901இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி அமைந்தவுடன், வெள்ளையரல்லாதார் குடிவரவைத் தடுக்கும் சட்டமும், இத்தீவுவாசிகளைத் திருப்பியனுப்பும் சட்டமும் இயற்றப்பட்டன. 1906 தொடக்கம் பெரும்பாலோர் கப்பலேற்றப்பட்டனர். வெள்ளையரின் கூலி விளைத்த சீனிக்கு அரசு உதவிப்பணம் தந்தது. இறக்குமதிச் சீனிக்கு வரி விதித்தது. அவ்வாறு குயின்ஸ்லாந்தின் கரும்பு உயர்ந்த கூலியைத் தாங்கலாயிற்று. கரும்பு அதே கரும்பு. வெயிலும் அதே வெயில். மாறியது கூலி ஒன்றே. அதனை மாற்றியது சட்டம். அச்சட்டம் நிறவெறியாற் பிறந்தது என்பதில் ஐயமில்லை. அதனை நான் போற்ற எடுத்துக்காட்டவில்லை. மலிவான உழைப்பு உலகெங்கும் தாராளமாகச் செல்லாதபடி செல்வ நாடுகள் கட்டிய மதில்களும் இன்றைய ஏற்றத்தாழ்வின் காரணங்களுள் ஒன்று என்பதைக் காட்டவே எடுத்துரைத்தேன்.

இனி நம் மலைநாட்டை நோக்குவோம். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னே இராமேசுவரம் வழியும் தூத்துக்குடி வழியும் வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் போன்ற காலங்களிலே அவர் வரவு பெருகிற்று. பஞ்சத்திலிருந்து வருபவனிடம் கூலி பேசுவோன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? உயிர் நிற்குமளவு கொடுத்தாற் போதும். அன்றியும், வந்தவன் ஒரு தோட்டத்தை விட்டு நல்ல கூலி தரும் மற்றொரு தோட்டத்திற்கு எளிதிற் போகவும் இயலவில்லை. அவனும் அவன் கூட்டத்தாரும் பட்ட கடனை எழுதிய ‘துண்டு’ அவன் பின்னாலேயே சென்றது; கடனைத் தீர்ப்பவனே அவனைப் பெற்றுக்கொள்வான். இத்துண்டு முறை 1921இலேயே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. குறைந்த பட்சக் கூலியை விதிக்கும் சட்டம் 1927இல் வந்தது.

சட்டங்கள் ஒருபுறம் வழியைத் திறக்க, மறுபுறம் வேறொன்று அடைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இதனை நாம் பெரும்பாலும் அரசியல் அநீதியாகவே பேசிவந்தோம். பொருளியல் நோக்கில் அதன் விளைவு யாது? குடியுரிமை இல்லாதவனுக்கு அரச காணி இல்லை. வறண்ட வலயத்துக் குடியேற்றத் திட்டங்களில் இடமில்லை. அரசாங்க உத்தியோகம் இல்லை. அஃதாவது, தோட்டத்தை விட்டு வெளியேறினால் அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒவ்வொரு மறுவழியும் அடைக்கப்பட்டது. போக்கிடம் அற்றவனின் கூலி உயராது என்பதை லூயிஸ் 1954இல் எழுதுமுன்னரே, அவ்வாறான ஒரு கூட்டத்தாரை இந்நாட்டுச் சட்டம் ஆக்கிவைத்திருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்குமிடையே தலைக்கணக்கிற் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைப்பது 2003ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே நிறைவேறிற்று. அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட அக்காலத்தில் மலிவான தேநீரைப் பருகியவர் பெரும்பாலும் வேறு நாட்டவர்.

உலக நாடுகள் கைகட்டி இருந்தன என்று கூறுதலும் பொருந்தாது. 1964இல் ஜெனீவாவில் வாணிபத்துக்கும் அபிவிருத்திக்குமான ஐக்கிய நாடுகள் மாநாடு கூடிற்று. பிரெபிஷே அதன் முதற் செயலாளர் நாயகம் ஆனார். வளர்முக நாடுகள் எழுபத்தேழு அங்கே ஓரணியாயின. 1974 முதல் 1984 வரை அப்பதவியை வகித்தவர் இலங்கையரான காமனி கொரியா. தேயிலை, இறப்பர், கோப்பி, கொக்கோ முதலியவற்றை விலை வீழும்போது வாங்கிச் சேமித்து, விலை ஏறும்போது விற்று, அலைவைத் தணிக்க ஒரு பொதுநிதி வேண்டும் என்ற திட்டத்தை 1976இல் நைரோபி நகரில் ஏற்கச் செய்தவர் அவரே. பொதுநிதி உடன்படிக்கை 1980இல் உருவாகி 1989இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 1985இல் வெள்ளீயத்தின் விலையைத் தாங்கிநின்ற சர்வதேசக் கழகம் பணமின்றி முறிந்தது. நிதி செயற்படத் தொடங்கிய அதே 1989இல் கோப்பி உடன்படிக்கையின் பங்கீடுகளும் கைவிடப்பட்டன. நம் நாட்டவர் ஒருவர் உலகப் பொருளாதார அமைப்பையே திருத்த முயன்றமை நம் பாடநூல்களில் இரண்டு வரிகளேனும் பெற்றிருத்தல் வேண்டும்.

வேறு வழியாற் சென்று வென்ற நாடுகளும் உள. 1960ஆம் ஆண்டளவில் தென் கொரியாவின் தலைக்குரிய வருமானம் நம்முடையதினும் மேம்பட்டதன்று. 2023இல் அது 33,000 டொலருக்கு மேற்பட்டது. கைத்தொழிலாற் பெற்ற வெற்றி என்று இதனைக் கூறிவிடுவது எளிது. ஆயினும் தொழிற்சாலைகளுக்கு முன்னரே அங்கு நிலச்சீர்திருத்தம் நிகழ்ந்தது என்பதையும், கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர் என்பதையும், அமெரிக்க உதவி பெருமளவிற் கிடைத்தது என்பதையும் விடுத்துப் பேசலாகாது. சொந்த நிலத்தில் உழும் மகன் எவ்வளவு கூலிக்கு ஆலைக்கு வருவான் என்பதும், குத்தகை நிலத்தில் அரைவயிறு உண்பவன் எவ்வளவுக்கு வருவான் என்பதும் வெவ்வேறு கணக்குகள். வங்காளதேசத்தை நோக்குக. அது சணலை விட்டு ஆயத்த ஆடைக்கு மாறிற்று. மூலப்பொருளை விட்டுக் கைத்தொழிலுக்கு வந்துவிட்டது. எனினும் 2013ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவர் வெடித்திருந்ததை அறிந்தும் அவர்கள் உள்ளே சென்றனர். செல்லாவிடின் சம்பளம் இல்லை. விளைபொருள் மாறினும் மறுவழி இல்லாதவனின் நிலை மாறவில்லை.

இலங்கையைப் பற்றி மற்றொன்றும் சொல்லாது விடுதல் நீதியன்று. 1946இல் இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஓராண்டு நிரம்பாமலே இறந்தன. இன்று அத்தொகை பத்திற்கும் கீழ். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அரிசி மானியமும் வருமானத்தை மீறிய வாழ்வை நமக்குத் தந்தன. தேசிய வருமானம் ஒன்றே வளர்ச்சியின் அளவுகோலன்று என்று வாதித்த அமர்த்தியா சென் போன்றோர் நம் நாட்டையும் கேரளத்தையும் எடுத்துக்காட்டியது இதனாலேயே. அப்பயன்கள் தேயிலை வரியினாலும் இறப்பர் வரியினாலும் வளர்ந்தவை. ஆனால் வரியை ஈட்டித்தந்த தோட்டங்களுக்கு அவை கடைசியாகவே சென்றன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டளவிலேதான். நாட்டின் பிற பகுதிப் பிள்ளைகள் இலவசக் கல்வி பெற்று முப்பதாண்டுகள் கழிந்த பின்னர்.

அப்பாடசாலைகளிற் படித்தோரின் பிள்ளைகள் இன்று கொழும்பிலே கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும், கடல்கடந்து வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். ஆசிரியராகவும் தாதியராகவும் சிலர் உளர். மறுவழி ஒருவாறு திறந்துவிட்டது. பெருந்தோட்டங்கள் இப்பொழுது கொழுந்தெடுக்க ஆளில்லை என்று முறையிடுகின்றன. நாட்சம்பளம் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையால் அவ்வுயர்விற் பெரும்பகுதி கரைந்தும் போயிற்று. நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் இன்று சிறுதோட்டக்காரர் தம் சொந்த நிலத்தில் விளைப்பதாகும்.

ஆயினும் இலண்டனில் நிகழ்ந்த தேயிலை ஏலம் 1998இல் முற்றுப்பெற்றுவிட்ட போதிலும், வாங்குபவன் எங்கும் போய்விடவில்லை. அவன் கொழும்பு ஏலத்தின் விலையையும் மொம்பாசா ஏலத்தின் விலையையும் ஒரே மேசையில் வைத்து நோக்குகின்றான். இங்கே கூலி உயர்ந்தால், கென்யாவிலும் மலாவியிலும் கொழுந்து கிள்ளும் பெண்ணின் கூலி அவனுக்கு மேலும் மலிவாகத் தோன்றும். அவளுக்கு அங்கே என்ன மறுவழி உண்டு, அவளுடைய சோளக்கொல்லை ஏக்கருக்கு எத்தனை இறாத்தல் விளைகின்றது என்பன நம் மலைநாட்டுக் கூலியையும் தொடும் வினாக்களாகும்.